காரணங்கள் பல, உடன்பாடு ஒன்று

உண்ணும் உணவு, உடுத்தும் உடை, வணங்கும் முறை, மணவினைச் சடங்கு, இறந்தோர்க்குச் செய்யும் கடன் என அனைத்திலும் மாந்தர் வேறுபடுகின்றனர். இவ்வேறுபாடுகளுக்கிடையே எல்லாரும் ஏற்கத்தக்க விழுமியங்கள் உண்டா? உண்டெனில், அவற்றை வகுக்கும் உரிமை யாருக்கு உரியது? வலியவரின் வழக்கத்தையே உலகின் பொதுவழக்கமாக ஆக்கிவிடாமல் அவற்றைக் கண்டடைவது எங்ஙனம்? இவ்வினாக்களைப் பல நாட்டினர் ஒன்றாக அமர்ந்து எதிர்கொண்ட ஒரு வரலாற்று நிகழ்வின் வழியே ஆராய்கிறது இக்கட்டுரை.

பல மரபுகள் கூடிய அவை

1945ஆம் ஆண்டு இரண்டாம் உலகப்போர் முடிவுற்றது. ஒரு நாட்டின் அரசே தன் சட்டங்களைக் கொண்டு தன் குடிமக்களுள் ஒரு பகுதியினரை மனிதர் அல்லர் என ஒதுக்கவும் கொன்றொழிக்கவும் இயலும் என்பதை நாசி செருமனியின் கொடுமைகள் உலகிற்கு உணர்த்தின. எந்த அரசும் மீறக்கூடாத அடிப்படைகள் சிலவற்றை உலக நாடுகள் கூடி எழுதிவைத்தல் வேண்டும் என்னும் எண்ணம் அப்போது வலுப்பெற்றது. அதன் விளைவாக, 18 நாடுகளின் உறுப்பினர்களைக் கொண்ட மனித உரிமைகள் ஆணையத்தை ஐக்கிய நாடுகள் அவை அமைத்தது. அமெரிக்காவைச் சேர்ந்த எலினார் ரூஸ்வெல்ட் அதன் தலைவரானார். சீன அறிஞர் பெங் சுன் சாங், லெபனானைச் சேர்ந்த மெய்யியல் பேராசிரியர் சார்லஸ் மாலிக், பிரெஞ்சுச் சட்ட அறிஞர் ரெனே கசான், இந்தியாவின் ஹன்சா மேத்தா ஆகியோர் அதில் முதன்மைப் பங்காற்றினர்.

1947ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ரூஸ்வெல்ட் தம் இல்லத்தில் சாங், மாலிக் ஆகியோரையும், ஐ.நா. செயலகத்தின் மனித உரிமைகள் பிரிவுக்குத் தலைமை வகித்த கனடா நாட்டவரான ஜான் ஹம்ப்ரியையும் தேநீர் விருந்துக்கு அழைத்தார். மாலிக், இடைக்கால ஐரோப்பியச் சமய மெய்யியலாளரான தாமஸ் அக்குவினாஸின் கருத்துகளை விளக்கினார். சாங்கோ, செயலகத்தினர் சில மாதங்கள் கன்பூசியசின் சிந்தனைகளைப் பயில்வது நலம் என்றார். அன்று அவர்களிடையே மெய்யியல் உடன்பாடு ஏற்படவில்லை. ஆயினும், அவர்கள் தம் பணியைக் கைவிடவில்லை. இந்நிகழ்ச்சியே நாம் சிந்திக்கவேண்டிய செய்தியைத் தன்னுள் கொண்டுள்ளது. அடிப்படைக் கொள்கையில் ஒன்றுபட்ட பின்னரே சேர்ந்து செயற்படுவோம் என அவர்கள் காத்திருந்திருப்பின், ஒரு வரியேனும் எழுதப்பட்டிராது.

நியாயமான ஓர் ஐயம்

இம்முயற்சியை எல்லாரும் வரவேற்றனர் என்று கூற இயலாது. அமெரிக்க மானிடவியல் கழகத்தின் சார்பில் 1947இல் ஓர் அறிக்கை வெளியிடப்பட்டது. மேற்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிலவும் மதிப்பீடுகளை மட்டுமே கூறாத ஓர் அறிவிப்பை எவ்வாறு உருவாக்க முடியும் என அவ்வறிக்கை வினவியது. இவ்வினாவைத் தேவையற்ற தடை என்று தள்ளிவிடலாகாது. நாகரிகத்தைக் கற்பிப்பதாகக் கூறிக்கொண்டே ஐரோப்பிய அரசுகள் ஆசியாவையும் ஆப்பிரிக்காவையும் ஆண்ட காலம் அது. ஒருவரின் வழக்கம் 'உலகப் பொது' என்னும் பெயரைப் பெற்றபோதெல்லாம் பிறருடைய மொழியும் நம்பிக்கையும் தாழ்ந்தவையாகக் கருதப்பட்டதை அம்மக்கள் தம் வாழ்வில் கண்டிருந்தனர்.

கனடாவின் தொல்குடிக் குழந்தைகள் அடைந்த துயரம் இதற்குச் சான்றாகும். அரசின் நிதியுதவியுடன் கிறித்தவத் திருச்சபைகள் நடத்திய உறைவிடப் பள்ளிகளில், நூறாண்டுகளுக்கும் மேலாக ஏறத்தாழ 1,50,000 குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். அவர்கள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டனர். தாய்மொழியில் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டனர். இப்பள்ளிகளுள் கடைசியாக எஞ்சியவை 1990களில்தான் மூடப்பட்டன. 2008இல் அந்நாட்டின் தலைமையமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். கல்வி பொதுவான விழுமியம் என்பதில் ஐயமில்லை. ஆனால், ஒரு குழந்தையின் மொழியைப் பறித்துத்தான் கல்வியைத் தரமுடியும் எனக் கருதியதே அங்கு நேர்ந்த பிழை.

ஆகவே, பொதுமையை வலியுறுத்துவோர் முதலில் தம்மையே கேட்டுக்கொள்ளவேண்டிய வினா ஒன்று உண்டு. நாம் 'மனிதர்க்குப் பொதுவானது' என்று கூறுவது உண்மையில் மனிதர்க்குப் பொதுவானதா? அன்றி, நமக்குப் பழக்கமானதா?

விட்டுக்கொடுத்தல் என்னும் முதற்படி

இவ்வினாவை ஆணைய உறுப்பினர்கள் எதிர்கொண்ட முறை கருதத்தக்கது. 1948ஆம் ஆண்டு அறிவிப்பின் முதற்பிரிவைப் பற்றிய விவாதத்தில், மனிதர் இறைவனின் சாயலில் படைக்கப்பட்டோர் என்னும் கருத்தைச் சேர்க்கவேண்டுமென பிரேசில் நாடு முன்மொழிந்தது. சாங் அதனை மறுத்தார். மனித இனத்தில் ஒரு பெரும்பகுதியினர் தம் நாட்டில் வாழ்கின்றனர் என்றும், அவர்களுடைய மரபும் சிந்தனையும் கிறித்தவ மேலைநாடுகளின் மரபிலிருந்து வேறுபட்டவை என்றும் அவர் எடுத்துரைத்தார். எனினும், சீன மரபின் கருத்துகளை அறிவிப்பில் சேர்க்குமாறு தாம் கேட்கவில்லை என்றும், பிறரும் அதே பரிவைக் காட்டுவர் என நம்புவதாகவும் கூறினார். பிரேசில் தன் முன்மொழிவைத் திரும்பப் பெற்றது.

இங்கு எவரும் தம் நம்பிக்கையைக் கைவிடவில்லை. இறைநம்பிக்கை உடையோர் மனிதனின் மாண்பு இறைவன் அளித்தது எனத் தொடர்ந்து கருதலாம். நம்பிக்கையற்றோர் அதனை அறிவின் வழியே ஏற்கலாம். தம் காரணத்தைப் பிறரும் ஏற்றேயாகவேண்டும் என்னும் பிடிவாதம் மட்டுமே கைவிடப்பட்டது.

சாங் மறுப்பதோடு நிற்கவில்லை. புதியதொன்றைச் சேர்க்கவும் செய்தார். முதல் வரைவில் மனிதரின் சிறப்பியல்பாகப் பகுத்தறிவு மட்டுமே கூறப்பட்டிருந்தது. அது போதாது என அவர் கருதினார். சீன மரபில் 'ரென்' என்றொரு சொல் உண்டு. 'மனிதர்' என்பதைக் குறிக்கும் வடிவும் 'இரண்டு' என்பதைக் குறிக்கும் வடிவும் இணைந்த எழுத்து அது. பிறரும் நம்மைப்போன்றவரே என உணர்ந்து நடக்கும் பண்பினை அது குறிக்கும். அச்சொல்லின் முழுப்பொருளையும் தரும் சொல் ஆங்கிலத்தில் கிடைக்கவில்லை. இறுதியில் 'மனச்சான்று' என்னும் பொருள்படும் சொல் பகுத்தறிவுடன் இணைக்கப்பட்டது. மொழிபெயர்ப்பில் பொருள் ஓரளவு குறைந்தது உண்மையே. ஆயினும், சிந்திப்பதனால் மட்டுமன்றிப் பிறருக்காக உள்ளம் இரங்குவதனாலும் மனிதர் மனிதராகின்றனர் என்னும் கருத்து உலக ஆவணம் ஒன்றில் இடம்பெற ஒரு கீழைநாட்டுச் சொல் வழிவகுத்தது.

தமிழ் மாணவர்க்கு இச்சொல் முற்றிலும் அயலானதாகத் தோன்றாது. திருக்குறளில் 'கண்ணோட்டம்' என்றே ஓர் அதிகாரம் அமைந்துள்ளது. ரென், கண்ணோட்டம் ஆகிய இரண்டும் ஒன்றே எனக் கூறிவிடலாகாது. ஒன்று கன்பூசியசின் சமூக ஒழுங்கிலிருந்து பிறந்தது. மற்றொன்று பொருட்பாலில் ஆட்சியாளரின் கடமையைக் கூறும் பகுதியில் இடம்பெறுவது. இவை ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன. ஆனால், ஒன்றில் மற்றொன்று கரைந்துவிடவில்லை. பண்பாடுகளுக்கிடையே நாம் காணும் ஒற்றுமைகள் பெரும்பாலும் இத்தகையனவே.

ஒரு சொல்லின் திருத்தம்

குசராத்தில் பிறந்த ஹன்சா மேத்தா விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். இந்திய அரசியலமைப்பு நிருணய மன்றத்தின் உறுப்பினர். மனிதர் அனைவரையும் குறிக்க ஆண்பாற்சொல்லையே ஆளும் ஆங்கில வழக்கம் அறிவிப்பின் வரைவிலும் இடம்பெற்றிருந்தது. அச்சொல் பெண்களையும் உள்ளடக்கும் என்றே பலரும் கருதினர். தலைவர் ரூஸ்வெல்டும் ஆங்கிலத்தில் அவ்வாறே பொருள்கொள்ளப்படுகிறது என்றார். மேத்தா அதனை ஏற்கவில்லை. பெண்களுக்கு உரிமையை மறுக்க விரும்பும் நாடுகளில் அச்சொல் ஆண்களை மட்டுமே குறிப்பதாகப் பொருள்கொள்ளப்படும் என அவர் எச்சரித்தார். பெண்களின் நிலை குறித்த ஆணையத்தினரும் திருத்தத்தை வலியுறுத்தினர். இறுதி வடிவில் 'மனிதப் பிறவிகள் அனைவரும்' எனப் பொருள்படும் தொடர் இடம்பெற்றது.

இத்திருத்தம் நம் மொழிவழக்கையும் எண்ணிப்பார்க்கத் தூண்டுகிறது. மக்கள், மாந்தர் என்னும் பலர்பாற்சொற்கள் தமிழில் உள்ளன. அவை இருபாலரையும் தழுவுவன. ஆயினும், 'மனிதன் நிலவில் கால்பதித்தான்' என்றும் 'ஒவ்வொரு மாணவனும் படிக்கவேண்டும்' என்றும் எழுதுவதே நமக்குப் பழகிவிட்டது. பொதுவானது எனக் கருதி நாம் ஆளும் சொல்லிலும் விடுபட்டோர் இருக்கலாம். விடுபட்டவர் எடுத்துரைக்கும்போதுதான் அது பிறர் கண்ணுக்குப் புலனாகிறது. எனவே, பொதுவிழுமியத்தை வகுக்கும் அவையில் பலரும் இடம்பெறுதல் சலுகையன்று. அவ்விழுமியம் பிழையின்றி அமைவதற்கே அது தேவை.

காரணங்களின் பன்மை

அதே காலத்தில் யுனெஸ்கோ நிறுவனம், மனித உரிமைகள் குறித்து உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த சிந்தனையாளர்களுக்கு வினாநிரல் அனுப்பிக் கருத்துக் கேட்டது. காந்தியடிகள் 1947 மே மாதத்தில் சுருக்கமான மறுமொழி ஒன்றை எழுதினார். கடமையைச் செவ்வனே ஆற்றுவதிலிருந்தே உரிமைகள் பிறக்கின்றன என்பதை எழுத்தறியாத, ஆனால் அறிவிற் சிறந்த தம் அன்னையிடமிருந்து கற்றதாக அவர் குறிப்பிட்டார். சீன அறிஞர் ஒருவர், 'உரிமை' என்பதற்கு நேரான சொல் தம் மொழியின் பழைய வழக்கில் இல்லை என்றார். எனினும், கொடுங்கோலனை எதிர்க்கும் தகுதி மக்களுக்கு உண்டு என்னும் கருத்து சீன மரபில் தொன்றுதொட்டு உள்ளதையும் அவர் எடுத்துக்காட்டினார். ஒருவர் கடமையிலிருந்து தொடங்கினார். மற்றொருவர் ஆட்சியின் நேர்மையிலிருந்து தொடங்கினார். வேறு சிலர் தனிமனித விடுதலையிலிருந்து தொடங்கினர். மனிதரை மாண்புடன் நடத்தவேண்டும் என்பதில் அவர்கள் ஒன்றுபட்டனர்.

ஏன் என்று கேளாதவரையில் நாம் அனைவரும் உடன்படுகிறோம் என்னும் கருத்தை பிரெஞ்சு மெய்யியலாளர் ஜாக் மாரித்தேன் அக்காலத்தில் நகைச்சுவையாகக் கூறினார். இதனைக் குறையாகக் கருதுவோர் உளர். அடிப்படைக் காரணத்தில் ஒன்றுபடாத உடன்பாடு நிலைக்குமா என அவர்கள் ஐயுறுகின்றனர். என் கருத்து இதற்கு மாறானது. ஒரே காரணத்தைச் சார்ந்து நிற்கும் விழுமியம், அக்காரணத்தை ஏற்காதவரைக் கட்டுப்படுத்தாது. சித்திரவதை கூடாது என்பதைச் சமயவழியில் ஒருவரும், அறிவுவழியில் ஒருவரும், தம் முன்னோர் பட்ட துன்பத்தின் நினைவால் ஒருவரும் ஏற்பாராயின், அவ்விழுமியம் மூன்று சமூகங்களில் வேரூன்றுகிறது. ஆகவே, காரணங்களை மறைக்கவேண்டியதில்லை. ஒவ்வொரு சமூகமும் தன் காரணத்தைத் தன் மொழியில் தன் பிள்ளைகளுக்குக் கூறுதல் வேண்டும். பன்மை இங்கு உடன்பாட்டிற்குத் தடையாவதில்லை. அதற்கு வலிமை சேர்க்கிறது.

பண்பாட்டின் பெயரால் பேசுவோர் யார்?

பன்மையைப் போற்றுதல் என்பது எல்லா வழக்கத்தையும் கேள்வியின்றி ஏற்பது ஆகுமா? ஆகாது. 1948ஆம் ஆண்டு விவாதத்தில், திருமணத்தில் ஆண்களும் பெண்களும் சம உரிமை உடையவர்கள் என்னும் பிரிவு மேலைநாட்டு அளவுகோல்களை மட்டுமே கருதி எழுதப்பட்டது எனச் சவுதி அரேபியாவின் பேராளர் எதிர்த்தார். பாகிஸ்தானின் பேராளராகப் பங்கேற்ற ஷாயிஸ்தா இக்ரமுல்லா என்னும் அம்மையார் அப்பிரிவை ஆதரித்தார். குழந்தைத் திருமணத்தையும் பெண்ணின் இசைவின்றி நிகழும் திருமணத்தையும் எதிர்த்துப் போராட அது துணைசெய்யும் என அவர் வாதிட்டார். சம உரிமை என்பது எல்லாவற்றிலும் ஒரே வகையான உரிமை என்று பொருள்படாது என்றும் அவர் விளக்கினார்.

இவ்விருவரும் இசுலாமியர் பெரும்பான்மையாக வாழும் நாடுகளின் சார்பில் பேசியவர்கள். இருவருள் எவர் கூற்று அச்சமயப் பண்பாட்டின் கூற்று? எந்தப் பண்பாடும் ஒரே குரலில் பேசுவதில்லை என்பதே இதற்குரிய விடை. வழக்கத்தால் நன்மை பெறுவோர் அதனைப் பண்பாடு என்பர். அதனால் துன்புறுவோர் அதே பண்பாட்டினுள் நின்று அதனைத் திருத்த முயல்வர். நம் நாட்டிலும் உடன்கட்டை ஏறுதலையும் தீண்டாமையையும் எதிர்த்து எழுந்த குரல்கள் இம்மண்ணிலிருந்தே எழுந்தன. எனவே, ஒரு வழக்கத்தைப் பற்றி முடிவு செய்யுமுன் அதன் சுமையைத் தாங்குபவரின் கருத்தைக் கேட்டல் வேண்டும்.

வேறுபாட்டையே சிறையாக்கிய நாடும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் 1948இல் ஆட்சிக்கு வந்தோர் இனஒதுக்கல் கொள்கையை நடைமுறைப்படுத்தினர். ஒவ்வோர் இனமும் தனித்தனியே வளரட்டும் என அதற்கு நயமான விளக்கமும் பின்னர்த் தந்தனர். கறுப்பின மாணவர்க்குத் தாழ்ந்த கல்வியே வழங்கப்பட்டது. பாடங்களுள் பாதியை ஆட்சியாளரின் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் கற்கவேண்டும் என்னும் ஆணையை எதிர்த்து 1976 சூன் 16 அன்று சோவெட்டோ நகரியத்தின் பள்ளி மாணவர்கள் ஊர்வலமாகச் சென்றனர். காவல்துறையினர் அவர்கள்மீது துப்பாக்கிச்சூடு நடத்தினர். பன்மை என்னும் சொல் சமத்துவத்திலிருந்து பிரிக்கப்படின் எத்தகைய கொடுமைக்கும் போர்வையாகும் என்பதை அந்நாடு காட்டியது.

அதே நாடு பின்னர் மற்றொரு பாடத்தையும் கற்பித்தது. தென்னாப்பிரிக்க மக்களின் மொழிகளில் 'உபுண்டு' என்றொரு சொல் வழங்குகிறது. பிற மனிதரோடு கொள்ளும் உறவினாலேயே ஒருவர் மனிதராகிறார் என்பது அதன் கருத்து. இனஒதுக்கலுக்கு முடிவுகட்டிய 1993ஆம் ஆண்டின் இடைக்கால அரசியலமைப்பில், பழிவாங்குதலுக்கு மாற்றாக உபுண்டு தேவை எனக் கூறப்பட்டது. 1995இல் மரண தண்டனை அரசியலமைப்புக்கு முரணானது என அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தபோது, நீதிபதிகள் சிலர் இச்சொல்லையும் தம் காரணங்களுள் ஒன்றாக எடுத்துக்காட்டினர். 1996ஆம் ஆண்டின் அரசியலமைப்பு 11 மொழிகளை ஆட்சிமொழிகளாக ஏற்றது. 2023இல் சைகைமொழி 12ஆவது ஆட்சிமொழியாயிற்று. பொதுவிழுமியம் ஒன்றை முன்னிறுத்திய அரசியலமைப்பு, மொழிகளின் பன்மையையும் காத்துநின்றது.

நிறைவுறாத பணி

1948 திசம்பர் 10 அன்று பாரிஸ் நகரில் கூடிய ஐ.நா. பொது அவை 30 பிரிவுகளைக் கொண்ட உலகளாவிய மனித உரிமைகள் அறிவிப்பை ஏற்றது. 48 நாடுகள் ஆதரித்து வாக்களித்தன. எதிர்த்து வாக்களித்த நாடு ஒன்றும் இல்லை. சவுதி அரேபியா, தென்னாப்பிரிக்கா, சோவியத் ஒன்றியம் உள்ளிட்ட 8 நாடுகள் நடுநிலை வகித்தன.

இந்த அறிவிப்பு குறையற்றது அன்று. அப்போது ஐ.நா. அவையில் 58 நாடுகளே இருந்தன. ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியும் ஆசியாவின் பல நாடுகளும் அயலாட்சியில் இருந்தமையால் அவற்றின் மக்கள் அவையில் இடம்பெறவில்லை. கீழைநாடுகளின் சார்பில் பேசிய சாங்கும் மாலிக்கும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பயின்றவர்கள். குடியேற்ற நாடுகளை ஆண்டுகொண்டே அறிவிப்பை ஆதரித்த அரசுகளும் இருந்தன. ஆனால், எழுதப்பட்ட சொற்கள் எழுதியவரின் கட்டுப்பாட்டில் நிற்கவில்லை. விடுதலை வேண்டிய மக்கள் அச்சொற்களையே தம்மை ஆண்டோரிடம் திருப்பிக் கேட்டனர். புதிய நாடுகள் பல அவையில் இணைந்தபின், 1966இல் ஏற்கப்பட்ட இரண்டு மனித உரிமை உடன்படிக்கைகளும் மக்களினங்களின் தன்னாட்சி உரிமையை முதற்பிரிவாகக் கொண்டன. தொல்குடி மக்களின் உரிமைகள் குறித்த தனி அறிவிப்பு 2007இல் ஏற்கப்பட்டது. 1947இல் ஐயம் எழுப்பிய அமெரிக்க மானிடவியல் கழகமும் 1999இல் மனித உரிமைகளை ஆதரித்து அறிக்கை வெளியிட்டது. பொதுவிழுமியங்கள் ஒரே நாளில் எழுதி முடிக்கப்படுவன அல்ல. விடுபட்டோர் வந்து சேருந்தோறும் அவை விரிவடைகின்றன.

நம் வகுப்பறையிலும் வேறுவேறு சமயத்தினர், வேறுவேறு வழக்கத்தினர், வீட்டில் வேறு மொழி பேசுவோர் ஒன்றாக அமர்கின்றனர். நண்பரின் வழக்கம் நமக்குப் புதிதாயின் அதனை எள்ளாமல் அதன் காரணத்தைக் கேட்கலாம். நம் வழக்கத்தின் காரணத்தை அவருக்குக் கூறலாம். எவரையேனும் தாழ்த்துகின்ற வழக்கம் எனின், அது நம்முடையதாயினும் மறுத்துப் பேசலாம். சாங், மேத்தா, இக்ரமுல்லா ஆகியோர் உலக அவையில் செய்த பணி இதுவே. அவர்கள் தம் மரபை மறந்து அங்குச் செல்லவில்லை. தம் மரபுடன் சென்று, பிறர் மரபுக்கும் இடமளித்தனர். அந்த இடத்திலேயே உடன்பாடு பிறந்தது.